எண்பது படிகளில் எழுந்த பதில்

தோழர்களே! சோமனூர்த் தேநீர்க் கடையில் காலையில் ஏடு விரிப்பவர்களே! 2022 ஜனவரியை மறந்திருக்க மாட்டீர்கள். கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகள் நின்றன. நாளொன்றுக்கு இத்தனை கோடி இழப்பு என்று செய்திகள் வந்தன. அந்தக் கணக்கு பொய் என்று சொல்லவில்லை. ஆனால் 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 விழுக்காடு, பல்லடம் ரகத்துக்கு 20 விழுக்காடு என்று கூலி உயர்வு பேசி முடித்தார்களே, அது கைக்கு வராததால்தான் தறி நின்றது என்பது எங்கே இருந்தது? தலைப்பிலா, கடைசி வரியிலா?

இந்தக் கேள்வியைத் தன் வாழ்வாகவே ஆக்கிக்கொண்டவர் ஒருவர் உண்டு. அவர்தான் ஜி. சுப்பிரமணிய ஐயர்.

1855-இல் திருவையாற்றில் பிறந்தார். சென்னையில் பள்ளி ஆசிரியராக இருந்தார். அப்போது சென்னை உயர்நீதிமன்றத்துக்கு முதன்முதலாக இந்தியர் ஒருவர், முத்துசாமி ஐயர், நீதிபதியானார். வறுமையில் வளர்ந்து படிப்பால் உயர்ந்தவர் அவர். வெள்ளையர் ஏடுகள் அந்த நியமனத்தைச் சாடின. அறிவை விட்டுவிட்டு இனத்தை எடை போட்டன!

ஆசிரியர் இருவர், சட்ட மாணவர் நால்வர், ஆக ஆறு இளைஞர்கள் கூடினர். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கினர். 1878 செப்டம்பர் 20-இல் ‘இந்து’ வார ஏடு பிறந்தது. அச்சிட்டது 80 படிகள்தான்!

ஆங்கிலம் அறிந்தவர் சிலர், அறியாதவர் கோடி. ஆகவே 1882-இல் தமிழில் ‘சுதேசமித்திரன்’ கண்டார். வெள்ளையராட்சியால் நாடு செழித்தது என்ற புகழுரைக்கு வசைபாடவில்லை. 1903-இல் அந்த ஆட்சியின் பொருளாதார விளைவுகளை ஆராய்ந்து நூலே எழுதினார்.

அந்நியன் செய்த ஓரவஞ்சனையை மட்டுமா கண்டார்? தன் வீட்டிலிருந்த ஓரவஞ்சனையையும் கண்டார். இளமையிலேயே விதவையான மகளுக்கு 1889-இல் பம்பாயில் மறுமணம் செய்வித்தார். சொந்தச் சாதியார் ஒதுக்கினர். அவர் அசையவில்லை. 1898-இல், தாம் வளர்த்த ‘இந்து’வையே விட்டு வெளியேறினார். 1899-இல் ‘சுதேசமித்திரன்’ நாளேடாயிற்று. 1908-இல் அரசு அவரை இராஜத்துரோக வழக்கில் கைது செய்தது. 1916-இல் மறைந்தார்.

தோழர்களே! துணியை மடித்து வைத்தால் பழுது தெரியாது. வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால்தான் தெரியும். செய்தியும் அப்படித்தான். ஏட்டின் உடைமையாளர் யார்? முதலாளியைக் கேட்டவர் நெசவாளியைக் கேட்டாரா? தலைப்பில் ஏறியது எது, அடியில் அமுங்கியது எது?

எல்லா ஏடுகளையும் இப்படி விரித்துப் பாருங்கள். இந்த ஏட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்!