தாய்க்கு மருந்து மட்டும் போதாது என்ற வைத்தியர்: மேரி ரட்ணமும் மலையகப் பெண்களும்

அப்புத்தளையில் கிளினிக் நாளைக் கண்டுபிடிக்க நாட்காட்டி தேவையில்லை. தம்பேதன்னைப் பாதையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் வயிற்றுப் பிள்ளைக்காரிகள் கூட்டமாக வருவார்கள். ஒரு கையில் கிளினிக் அட்டை, மறு கையில் மூத்த பிள்ளை. திரும்பும்போது பையில் திரிபோஷ பக்கெற்றும் இரும்புச்சத்துக் குளிசையும் இருக்கும். இரத்தம் பார்ப்பது, நிறை பார்ப்பது, பிள்ளை கிடைத்த பிறகு மருத்துவிச்சி வீடு தேடி வருவது எல்லாம் இன்று யாருக்கும் புதுமையாகத் தெரிவதில்லை. நகரத்தில் கர்ப்பகால யோகா வகுப்புகளும் வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால், மலைச்சரிவில் நாள் முழுக்க ஏறி இறங்கிக் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு உடற்பயிற்சியில் குறையில்லை. அவளுக்குக் கிடைக்காதது ஓய்வு, நல்ல சாப்பாடு, அடுத்த பிள்ளை எப்போது என்று தானே தீர்மானிக்கும் உரிமை.

இந்த மூன்றையும் கர்ப்பிணியின் ஆரோக்கியத்தோடு சேர்த்துப் பேசியவர்களில், இலங்கையில் முன்னே நின்றவர் கனடாவில் பிறந்து தமிழர் ஒருவரை மணந்து இந்த நாட்டவரானவர். டொக்டர் மேரி ரட்ணம்.

மேரி ஹெலன் இர்வின் 1873இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்தார். பெண்கள் வைத்தியம் படிப்பதே வம்பாகப் பார்க்கப்பட்ட காலத்தில் டொரன்டோவில் மருத்துவம் படித்துத் தேறினார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் பெண்களுக்காக நடத்திய மருத்துவப் பணிக்கு 1896இல் அவர் தெரிவுசெய்யப்பட்டார். ஆண் வைத்தியர் தொடக்கூடாது என்ற கட்டுப்பாட்டினால் பிரசவத்தில் பெண்கள் சாவதைத் தடுக்கத்தான் பெண் வைத்தியர்களை மிஷன் தேடியது. வரும் வழியில் நியூயோர்க்கில் அவர் ஓர் இளைஞரைச் சந்தித்தார். இலங்கைத் தமிழரான சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரத்தினம், அங்கே உயர்கல்வி கற்றுக்கொண்டிருந்தார். இருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

அத்தோடு மிஷன் முகம் திருப்பிக்கொண்டது. சுதேசி ஒருவருக்கு வைத்தியம் செய்யலாம், அவரைக் கைப்பிடிக்கக் கூடாது. மேரி எந்தப் பணிக்காகக் கடல் கடந்தாரோ, அந்தப் பணி யாழ்ப்பாணத்தில் அவருக்கு நிலைக்கவில்லை. கொழும்புக்கு வந்து, பெண்களுக்கான லேடி ஹவ்லொக் ஆஸ்பத்திரியில் சிறிது காலம் வேலை செய்தார். பிறகு பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான வைத்தியராகத் தனியாகத் தொழில் தொடங்கினார். திருச்சபையும் வெள்ளையர் சமூகமும் தள்ளிவைத்தது ஒருவகையில் நல்லதாகவே போயிற்று என்று எனக்குத் தோன்றும். மிஷன் பங்களாவுக்குள் இருந்திருந்தால் அவர் இந்த நாட்டுப் பெண்களோடு இவ்வளவு நெருங்கியிருப்பாரா தெரியாது.

மருந்துப் பெட்டியோடு அவர் நிற்கவில்லை. 1904இல் இலங்கை மாதர் ஒன்றியத்தையும், 1909இல் தமிழ் மாதர் சங்கத்தையும் தொடக்கியவர்களில் அவர் ஒருவர். இன்று கலாலயம் என்று கொழும்பில் அறியப்படும் சங்கம் அதுதான். பாடசாலைகளுக்காகச் சுகாதார நூலும் மனையியல் நூலும் எழுதினார். பருவமடைதல் பற்றிப் பெண்பிள்ளைகளுக்குத் தாயே வாய் திறக்காத காலம் அது.

அன்றைய நிலைமையைச் சொல்லாமல் அவருடைய அவசரம் விளங்காது. 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அதாவது ஐம்பது பிரசவத்துக்கு ஒரு தாயாவது சாவு. கர்ப்பவதியின் உடலை மலேரியா வாட்டியது. வெறுங்காலுடன் நடக்கும் பெண்ணின் இரத்தத்தைக் கொக்கிப்புழு உறிஞ்சியது. இரத்தமில்லாத உடம்பு பிரசவத்தின்போது கொஞ்சம் இரத்தம் போனாலும் தாங்காது. தோட்டங்களில் இது இன்னும் மோசம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில், அடுப்புப் புகைக்கு நடுவே, கைப்பழக்கமுள்ள ஒரு கிழவியின் உதவியோடு பிள்ளை பிறக்கும். பத்தியச் சோறும் காயமும் வேப்பிலைத் தண்ணீர்க் குளிப்பும் தாய்க்குத் தெம்பு கொடுத்தன, மறுப்பதற்கில்லை. ஆனால், தொற்றுக்காய்ச்சலை அவை தடுக்கவில்லை. நாள் கழிந்ததும் பெரட்டில் பேர் விழவேண்டும். பச்சைப் பிள்ளை பிள்ளைமடுவத்தில் சேலைத் தொட்டிலில் கிடக்கும்.

ஒரு தாய் தொடர்ந்து பிள்ளை பெற்றுத் தேய்ந்துபோவதை மேரி தன் நோயாளிகளிடம் நேரில் பார்த்தவர். அதனால், பிள்ளைகளுக்கிடையே இடைவெளி விடும் வழியைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க 1930களில் கொழும்பில் கிளினிக் நடத்தும் முயற்சியில் இறங்கினார். கத்தோலிக்கர் கடுமையாக எதிர்த்தார்கள். ஏச்சுக்கு அவர் பயப்படவில்லை. 1953இல் குடும்பத் திட்டச் சங்கம் அமைந்தபோது எண்பது வயதிலும் அதன் முன்னோடியாக நின்றார்.

அதற்கு முன்பே அவருக்கு இன்னொன்று விளங்கியிருந்தது. வாக்கில்லாதவளின் பிரசவத்தைப் பற்றி எந்த அரசும் கவலைப்படாது. டொனமூர் ஆணைக்குழு வந்தபோது, 1927 டிசம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. மேரி அதன் தலைவர்களில் ஒருவர். செல்வந்தர் வீட்டுப் பெண்களின் சங்கம்தான், சந்தேகமில்லை. ஆனால், ஆணைக்குழு முன்னால் நடந்த ஒரு சம்பவத்தை மலையகத்தார் மறக்கக்கூடாது. தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குக் கேட்கிறீர்களா என்று சங்கத்தின் தூதுக்குழுவிடம் கேட்கப்பட்டது. செயலாளர் அக்னஸ் டி சில்வா தயங்கவில்லை. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும்தான் கேட்கிறோம் என்ற பொருளில் பதில் சொன்னார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரியவர்களே சர்வசன வாக்குரிமையை எதிர்த்த காலத்தில் சொன்ன பதில் இது.

1931இல் இருபத்தொரு வயதான பெண்களுக்கு வாக்கு வந்தது. அப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் அதிஷம் மாளிகையைக் கட்டியதும் அதே ஆண்டில்தான். மாளிகையைச் சுற்றியிருந்த லயங்களுக்கு வாக்கு முழுதாக வந்து சேரவில்லை. இந்த நாட்டில் நிலையாகக் குடியிருப்பவர் என்று காட்டவேண்டும், இல்லாவிட்டால் எழுத்தறிவும் சொத்தும் வேண்டும் என்ற நிபந்தனைகள் தோட்டத்தாரைக் குறிவைத்தே போடப்பட்டன. இருந்தும் ஒரு பகுதியினர் வாக்காளர் ஆனார்கள். 1947 தேர்தலில் பதுளையில் எஸ்.எம். சுப்பையா உட்பட இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் அதையும் பறித்துவிட்டன. 1952இல் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மேரியின் வேலைகளில் நீண்ட காலம் நிலைத்தது லங்கா மகிலா சமிதி. கனடாவின் கிராமப் பெண்கள் கழகங்களைப் பார்த்து 1930களின் தொடக்கத்தில் அவர் கட்டியெழுப்பிய அமைப்பு அது. கிராமத்துப் பெண்கள் ஓரிடத்தில் கூடுவார்கள். கொதித்தாறிய தண்ணீர், கக்கூஸ், மரக்கறித் தோட்டம், கர்ப்பிணியின் சாப்பாடு, பிள்ளை வளர்ப்பு, கைத்தொழில் என்று கற்றுக்கொள்வார்கள். எல்லாவற்றையும்விட, கூட்டத்தில் எழுந்து நின்று பேசப் பழகுவார்கள். ஆனால், சமிதிகள் பெரும்பாலும் சிங்களக் கிராமங்களிலேயே வேரூன்றின. தோட்டம் துரையின் தனி இராச்சியம். வெளியார் அனுமதியில்லாமல் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. இது மேரியின் குற்றமல்ல. ஆனாலும் கிராமத்துத் தாய்க்கும் தோட்டத்துத் தாய்க்கும் இடையே விழுந்த இடைவெளி அங்கேதான் அகலமானது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டம் தோட்டப் பெண்ணுக்கும் பிரசவக் காசு கொடுத்தது உண்மை. கொடுப்பவர், கணக்குப் பார்ப்பவர், வைத்தியம் செய்பவர் எல்லாம் தோட்டத்து ஆட்களே.

1937இல் கொழும்பு மாநகர சபைக்குப் பம்பலப்பிட்டி வட்டாரத்தில் நின்று வென்றார். அந்தச் சபைக்குத் தெரிவான முதல் பெண் அவர். ஒரு நடைமுறைக் குறையைக் காட்டி அந்த ஆசனத்தையும் பறித்தார்கள். சபையில் பேச முடியாததை அவர் வெளியே பேசிக்கொண்டே இருந்தார்.

குடும்பக் கட்டுப்பாடு மலைக்கு வந்த விதம் வேறு கதை, மேரி அதைப் பார்க்க உயிரோடு இல்லை. பெண்ணின் கையில் தீர்மானம் இருக்கவேண்டும் என்பதற்காக அவர் ஏச்சு வாங்கினார். 1980இல் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு பணம் கொடுக்கத் தொடங்கியதும், மலையகத்தில் அது வேறு முகம் காட்டியது. மற்ற முறைகள் எதையும் விளக்காமல், காசையும் விடுமுறையையும் காட்டி, இளம் தாய்மாரை ஒப்பரேஷனுக்கு அனுப்பினார்கள் என்ற குற்றச்சாட்டு இன்னும் ஓயவில்லை. அப்படிப் போய்வந்த அம்மாமாரிடம் கேட்டுப் பாருங்கள், துரை சொன்னார், டிஸ்பென்சர் ஐயா சொன்னார் என்பார்கள். தான் தீர்மானித்ததாகச் சொல்பவர் குறைவு.

1958இல் மேரி ரட்ணத்துக்குப் பொதுச்சேவைக்கான மக்சேசே விருது கிடைத்தது. அப்போது அவருக்கு எண்பத்தைந்து வயது. அதற்குள் நாட்டின் தாய் மரண விகிதம் 1930களில் இருந்ததில் கால்வாசிக்கும் கீழே இறங்கிவிட்டது. கிராமம் கிராமமாகப் பயிற்சிபெற்ற மருத்துவிச்சிகள் போனதும், மலேரியா அடங்கியதும், பெண்பிள்ளைகள் இலவசமாகப் படித்ததும், வாக்குக் கேட்டு வந்தவர்கள் ஆஸ்பத்திரி கட்டித் தந்ததும் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. கடைசியாகச் சொன்னது தோட்டத்துக்குக் கிடைக்கவில்லை. வாக்கில்லாத லயத்துக்கு ஆஸ்பத்திரி கட்டித் தருவதாக யார் வாக்குறுதி கொடுப்பார்கள்?

அவர் 1962இல் காலமானார். அந்த ஆண்டு அப்புத்தளைத் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு இலங்கையும் நாடில்லை, இந்தியாவும் நாடில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிப் பிரித்தது. கைக்குழந்தையோடு பதுளை ரயிலில் ஏறி, தலைமன்னாரில் கப்பலுக்குக் காத்திருந்த தாய்மாரின் காலம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.