வயிறு மட்டுமா மனிதன்?

மேலாண்மைப் பாடத்தில் ஐந்து படி முக்கோணம் ஒன்றை மனப்பாடம் செய்கிறோம். அதோடு வரும் பெயர் ஆபிரகாம் மாஸ்லோ. யார் இவர் என்று தேடிப் படித்தேன். நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தார்.

1908-ல் நியூயார்க் நகரின் புரூக்ளினில் பிறந்தார். ரஷ்யாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம். பெற்றோருக்கு அதிகப் படிப்பில்லை. ஏழு பிள்ளைகளில் இவர் மூத்தவர். அப்பாவுக்கு மரப்பீப்பாய்த் தொழில். மகன் வக்கீலாக வேண்டும் என்பது அவர் ஆசை. மகனோ உளவியலுக்குப் போய், 1934-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் குரங்குகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார்.

அன்று உளவியலில் இரண்டு பெரிய கட்சிகள். அடிமனத்தில் புதைந்த ஆசைகளே மனிதனை ஆட்டிவைக்கின்றன என்றது ஃபிராய்டு கட்சி. எலியைப் பழக்குவது போல மனிதனையும் பழக்கலாம் என்றது நடத்தையியல் கட்சி. மாஸ்லோ முதலில் இரண்டாவது கட்சிதான். சொந்தக் குழந்தை பிறந்து வளர்வதைப் பார்த்ததும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. நோயாளியையும் எலியையும் மட்டும் பார்த்தால் போதாது, நல்லா வாழ்ந்தவர்களையும் ஆராய வேண்டும் என்றார். வளரும் ஆசையும் தேர்ந்தெடுக்கும் சக்தியும் மனிதனுக்குள்ளேயே உண்டு என்பதுதான் அவரும் கார்ல் ரோஜர்ஸும் வளர்த்த மனிதநேய உளவியல்.

பசி, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன் திறமை முழுதும் மலர்தல் என்ற ஐந்து தேவைகளை 1943-ல் எழுதினார். முக்கோணம் பின்னால் மற்றவர்கள் வரைந்தது. ஒரு தேவை நூற்றுக்கு நூறு தீர்ந்த பிறகே அடுத்தது வரும் என்று அவர் சொல்லவில்லை. சாதாரண மனிதனுக்குப் பசி 85 சதவீதம் தீர்ந்திருக்கலாம், திறமை மலர்வது 10 சதவீதமே இருக்கலாம் என்று ஓர் உதாரணக் கணக்கும் போட்டார். 1968-ல் அமெரிக்க உளவியல் கழகத் தலைவராக இருந்த அவர், 1970-ல் மாரடைப்பால் மறைந்தார்.

அந்த 10 சதவீதம்தான் எனக்கு முக்கியம். எங்கள் வீட்டில் முதன்முதலில் டிப்ளமோ படிப்பவன் நான். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை. தள்ளிப் போனால் அப்பாவுக்குக் கூலியும் தள்ளிப் போகும். நமக்கெல்லாம் சோத்துக்கு வழி பார்த்தால் போதும் என்பார்கள் ஊரில். ஆனால் அரைவயிற்றோடு நடவு நட்ட நாளிலும் அம்மா புதுசாகப் பாட்டுக் கட்டிப் பாடியிருக்கிறாள். எந்த எலியும் அதைச் செய்யாது.

நண்பர்களே! வேலைக்குப் போவோம், வீட்டைக் காப்போம். வயிறு நிறையட்டும் என்று மனசைக் காக்க வைக்க வேண்டாம்!