பதினாறு ஆண்டுகள் காத்திருந்த அன்னை
(அன்னை மேரி மார்ட்டின், 1892 – 1975)



மருத்துவமனை என்றதும் நம் கண்முன் வந்து நிற்பவர்கள் டாக்டர்களும் நர்சுகளுமே. மருந்து தீர்ந்துபோகுமுன் வரவழைத்து வைப்பவரையும், படுக்கை விரிப்புகள் துவைத்து வந்தனவா என்று பார்ப்பவரையும், இரவில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருப்பவரையும் நாம் நினைப்பதில்லை. அவர்கள் இல்லையேல் மருத்துவமனை ஒரு வாரங்கூட நடவாது. அத்தகைய மறைந்த ஊழியத்தின் மேன்மையை உணர்த்தும் ஒரு வாழ்க்கையை இம்மலரில் உங்கள் முன் வைக்கிறேன்.

அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரையடுத்த பகுதியில், செல்வச் செழிப்பான மர வியாபாரக் குடும்பமொன்றில் 1892-ஆம் ஆண்டு மேரி மார்ட்டின் பிறந்தார். முதல் உலகப் போர் மூண்டபோது தொண்டர் தாதியாக முன்வந்து, மால்டா தீவிலும் பிரான்சிலும் காயமுற்ற போர்வீரருக்குப் பணிவிடை செய்தார். அப்போரில் அவருடைய சகோதரர் ஒருவரும் உயிர் துறந்தார். போர்க்களத் துயரம் அவர் உள்ளத்தில் ஒரு தீர்மானத்தை ஊன்றியது. வீடு திரும்பியதும் பேறுகால மருத்துவப் பயிற்சி பெற்றார்.

அக்காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் தென் நைஜீரியாவில் உழைத்துவந்த ஆயர் ஜோசப் ஷானகன் பெண் தொண்டர்களைத் தேடிக்கொண்டிருந்தார். 1921-இல் மேரி மார்ட்டின் ஒரு தோழியுடன் கப்பலேறிக் கலபார் துறைமுகத்தை அடைந்தார். அவர் துறவியல்லர், சம்பளமுமில்லை. நோயாளிகளைத் தொட்டுப் பணி செய்யலாம் என்ற ஆவலோடு போனவருக்குக் கிடைத்ததோ பள்ளிக்கூடப் பொறுப்பு! அங்கே முன்பு பணிபுரிந்த பிரெஞ்சுக் கன்னியர் தாயகம் திரும்பியிருந்தனர். மேரி முணுமுணுக்கவில்லை, தரப்பட்ட வேலையைச் செய்தார். ஆனால் பேறுகாலத்தில் தாயும் சேயும் மடிந்த கொடுமையை அவரால் மறக்க முடியவில்லை. தாய்மாரைக் காக்கத் துறவறப் பெண்களின் மருத்துவச் சபை ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வேரூன்றியது.

அதற்கு ஒரு பெருந்தடை இருந்தது. கன்னியர் பேறுகால மருத்துவம் பார்ப்பது அவர்களுடைய நிலைக்கு ஒவ்வாதது என்று அன்றைய திருச்சபை ஒழுங்கு கருதியது. இன்று இது நமக்கு வியப்பாக இருக்கலாம். அன்று அதுவே நியதி. 1924-இல் அயர்லாந்து திரும்பிய மேரி, ஆயர் ஷானகன் தொடங்கிய புதிய சபையில் சேர்ந்தார். மருத்துவம் அச்சபையின் முதற்பணியல்ல என்று கண்டு விலகினார். கார்மேல் மடத்தை நாடினார்; அங்கும் ஏற்கப்படவில்லை. பின்னர் நோய் வந்து நெடுங்காலம் படுக்கையில் கிடத்தியது. கதவுகள் ஒவ்வொன்றாக மூடின.

அப்படியும் அவர் சும்மா இருக்கவில்லை. 1934-இல் கிளென்ஸ்டல் என்னுமிடத்தில் பெனடிக்ட் சபைத் துறவியர் நடத்திய பள்ளியின் வீட்டு நிர்வாகத்தைச் சில தோழியருடன் ஏற்றார். சமையலறை, சலவை, சாமான்கள், பணியாளர் ஆகிய இவற்றை மேற்பார்த்துக்கொண்டே துறவறப் பயிற்சியும் பெற்றார். ஆப்பிரிக்காவைக் கனவு கண்டவர் அரிசி பருப்புக் கணக்குப் பார்ப்பதுபோன்ற வேலையில் அமர்ந்தாரே என்று உலகம் எண்ணியிருக்கும். இறைவனின் பள்ளியில் அதுவும் ஒரு பாடமே.

1936 பெப்ரவரி 11-ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளன்று, உரோமையிலிருந்து புதிய ஆணை வந்தது. மறைபரப்பு நாடுகளில் கன்னியர் பேறுகால மருத்துவமும் செய்யலாம் என்று அது அனுமதித்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே மேரி மீண்டும் நைஜீரியாவுக்குப் புறப்பட்டார். அங்கே கடும் நோய் அவரை வீழ்த்தியது. 1937 ஏப்ரல் 4-ஆம் நாள், போர்ட் ஹார்கோர்ட் நகரின் அரசாங்க மருத்துவமனையில், நோயாளியாகப் படுத்திருந்தபடியே துறவற வார்த்தைப்பாடு கொடுத்தார். மரியாயின் மருத்துவ மறைபரப்புச் சபை அந்த நோய்ப்படுக்கையில்தான் பிறந்தது!

அன்னை அயர்லாந்துக்குத் திரும்ப நேர்ந்தது. தாம் சென்று பணிசெய்ய இயலாத நாட்டுக்குப் பிறரைப் பயிற்றி அனுப்புவதே இனித் தம் ஊழியம் என்று ஏற்றுக்கொண்டார். டிரோகெடா நகரில் 1939-இல் சிறிய பேறுகால மருத்துவமனையாக எழுந்த லூர்து அன்னை மருத்துவமனை, 1957-இல் பெரிய பயிற்சி மருத்துவமனையாக விரிந்தது. கட்டடம், கடன், பணியாளர், பயிற்சி என ஓயாத நிர்வாகச் சுமையை அவர் தாங்கினார். அங்கே பயின்ற சகோதரிகள் நைஜீரியாவின் ஆனுவாவிலும் வேறு பல ஆப்பிரிக்க ஊர்களிலும் தாய்மாரைக் காத்தனர். 1963-இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் புளோரன்ஸ் நைட்டிங்கேல் பதக்கம் அவரைத் தேடி வந்தது. 1975 ஜனவரி 27-ஆம் நாள் ஆண்டவரில் துயில் கொண்டார்.

அன்னை ஆப்பிரிக்க மண்ணில் வாழ்ந்தது மொத்தத்தில் சில ஆண்டுகளே. ஆயினும் அவர் பெயர் அறியாமலே எத்தனையோ தாய்மார் அங்கே உயிரோடு குழந்தையை ஏந்தி வீடு திரும்பினார்கள். விரும்பிய பணி கிடைக்காதபோது கிடைத்த பணியை விருப்பத்தோடு செய்வதும் ஓர் அழைத்தலே. நம்மிடையே கணக்கு எழுதவும், பொருள் காக்கவும், ஆள் நடத்தவும் தெரிந்த இளைஞர்கள் பலர் உண்டு. நோயாளியைத் தொடாத கைகளும் நோயாளிக்கு ஊழியம் செய்ய முடியும் என்பதை அவர்கள் மறவாதிருப்பார்களாக!