ஸ்பீக்கர் கிழிஞ்சா தூக்கிப் போடணுமா? ஜி.டி.நாயுடு வாழ்க்கையில் இருக்கு பதில்!

ஆடிப்பெருக்கு வந்தால் மோகனூர் காவிரிக் கரையில் கூட்டம் அலைமோதும். நாமக்கல் பக்கம் கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் முதலில் வந்து இறங்குவது ரேடியோ செட்தான். வருஷம் முழுக்க வெயிலிலும் தூசியிலும் அலறும் அந்த ஸ்பீக்கர்கள் ஒருநாள் கரகரக்க ஆரம்பிக்கும். உங்க வீட்டு ஹோம் தியேட்டருக்கும் இதே கதிதான். உடனே நாம என்ன செய்றோம்? போனை எடுத்து புது மாடல் என்ன விலைன்னு தேடுறோம்.

கொஞ்சம் பொறுங்க. கெட்டுப்போனதைத் திறந்து பார்க்கும் பழக்கத்தையே வாழ்க்கையாக வைத்திருந்த ஒருவர் நம்ம கொங்கு மண்ணில் இருந்தார். கோவை அவிநாசி சாலையில் 2025-ல் திறக்கப்பட்ட 10.1 கி.மீ. மேம்பாலத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

யார் இந்த ஜி.டி.நாயுடு?

கோபால்சாமி துரைசாமி நாயுடு. 1893 மார்ச் 23-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவே இல்லை. ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்டது.

இளைஞராக இருந்தபோது பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ‘ரட்ஜ்’ மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. ஊரை விட்டு கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை பார்த்து காசு சேர்த்தார். அதே மாதிரி வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார்.

வாங்கிய பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். வண்டியைக் கழற்றி, ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்து, மறுபடியும் பூட்டினார். அவருக்குப் பாடப்புத்தகம், ஆய்வுக்கூடம் எல்லாமே அந்த வண்டிதான்.

ஒரு பஸ், ஒரு ஒர்க்‌ஷாப்

இடையில் பருத்தி வியாபாரத்தில் இறங்கி லாபமும் பார்த்தார், பம்பாய் போய் நஷ்டமும் பட்டார். பிறகு கோவையின் பிரபல தொழிலதிபர் ஸ்டேன்ஸ் கொடுத்த உதவியால் 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சி – பழனி தடத்தில் தானே ஓட்டினார். அதுதான் ‘யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்’, சுருக்கமாக யு.எம்.எஸ். சில வருஷங்களில் அது ஒரு பெரிய பஸ் நிறுவனமாக வளர்ந்தது.

அந்தக் காலத்தில் வண்டியும் உதிரி பாகமும் வெளிநாட்டிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும். ஒரு பாகம் உடைந்தால் வண்டி வாரக்கணக்கில் நிற்கும். பழுது பார்ப்பதும், முடிந்த பாகத்தை இங்கேயே செய்வதும் தொழில் நடத்துகிறவருக்கு அன்றாடத் தேவையாக இருந்தது.

பழுது பார்க்கப் பழகின கை அடுத்து தயாரிப்பில் இறங்கியது. 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து பீளமேட்டில் உள்நாட்டு மின் மோட்டாரை உருவாக்கினார். பேட்டரியில் ஓடும் சவர ரேசர், ஓட்டுப்பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும்.

70 ரூபாய் ரேடியோ

1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை இங்கேயே 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். இறக்குமதி ரேடியோ வசதியானவர்கள் வீட்டுக் கூடத்தில் மட்டும் இருந்த காலம் அது.

அந்த மாதிரி வால்வு ரேடியோக்குள் இருந்த ஸ்பீக்கருக்கும், இன்று உங்க வீட்டில் இருக்கும் ஸ்பீக்கருக்கும் அடிப்படையில் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் 1925-ல் வெளியிட்ட வடிவமைப்புதான் இன்றும் ஓடுகிறது. ஒரு காந்தம், அதன் இடுக்கில் ஒரு செப்புக் கம்பிச் சுருள், அந்தச் சுருளோடு ஒட்டிய பேப்பர் கூம்பு. மின்சாரம் வந்தால் சுருள் முன்னும் பின்னும் ஆடும், கூம்பும் சேர்ந்து ஆடும், காற்று அதிர்ந்து நமக்குச் சத்தம் கேட்கும். அவ்வளவுதான்.

அப்போ ஸ்பீக்கரில் எது கெடுகிறது?

பெரும்பாலும் காந்தமும் இரும்புச் சட்டமும் கெடுவதில்லை. விலையில் பெரிய பங்கு அவைதான். கெடுவது இவை:

• ஓர வளையம்: கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் ஃபோம் அல்லது ரப்பர். ஃபோம் என்றால் ஈரப்பதத்தில் பத்து, இருபது வருஷத்தில் தானாகவே பொடிந்துவிடும். தொட்டால் உதிர்ந்தால் இதுதான் பிரச்சினை.

• கூம்பு: பேப்பர் கிழிவது. சின்னக் கிழிசல் என்றால் மெல்லிய டிஷ்யூ பேப்பரும் பசையும் போதும்.

• காயில்: அளவுக்கு மீறி சத்தம் வைத்தால் சூடேறி எரிந்துவிடும்.

• கூம்புக் குழாய் ஸ்பீக்கர்: இதில் உள்ளே இருக்கும் டயாப்ரம்தான் போகும். அதை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம்.

வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஒயரைக் கழற்றிவிடுங்க. விரல்களைக் கூம்பின் நடுவைச் சுற்றிச் சமமாக வைத்து மெதுவாக அழுத்துங்க. உரசும் சத்தம் வந்தால் காயில் இடம் விலகியிருக்கு. மல்டிமீட்டர் இருந்தால் இரண்டு முனையிலும் ஓம் அளவு பாருங்க. 8 ஓம் ஸ்பீக்கர் ஆறு, ஏழு காட்டும். ஒன்றுமே காட்டலைன்னா காயிலோ அதற்குப் போகும் ஒயரோ அறுந்திருக்கு.

காயில் நல்லா இருந்து, ஓர வளையம் மட்டும் போயிருந்தால் வேலை சுலபம். பழைய ஃபோமையும் பசையையும் சுரண்டி எடுக்கணும். நடு மூடியைப் பிரித்து, காயிலைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகி நடுவில் நிறுத்தணும். அதே அளவு புது வளையத்தை ஒட்டி, ஒரு ராத்திரி காய விடணும். பிறகு துண்டுகளை உருவிவிட்டு மூடியை ஒட்டினால் முடிந்தது. அளவு தப்பினாலோ காயில் நடுவில் நிற்காவிட்டாலோ மறுபடியும் உரசும். அதனால் முதல் தடவை என்றால் கோன் மாற்றும் மெக்கானிக்கிடம் கொடுப்பது நல்லது.

எல்லாவற்றையும் பழுது பார்க்கலாம் என்றும் இல்லை. உதிரி பாகம் கிடைக்காத, பசை போட்டு மூடிய சின்ன புளூடூத் ஸ்பீக்கரில் கூலி பொருளின் விலையையே தாண்டிவிடலாம். கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்க.

நாயுடு சந்தித்த சுவர்

அவர் வாழ்க்கை முழுக்க வெற்றிக் கதை இல்லை. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தார், இன்றைய ஜி.சி.டி. அதுதான். ஆனால் படிப்புக் காலத்தைக் குறைத்து, கைவேலையைக் கூட்ட வேண்டும் என்ற அவர் யோசனை ஏற்கப்படாததால் விலகினார். 1952-ல் 2,000 ரூபாய்க்கு இரண்டு பேர் போகும் கார் தயாரித்தார். அரசு உரிமம் கிடைக்கவில்லை, உற்பத்தி நின்றது. வரிக் கொள்கையை எதிர்த்து தன் படைப்புகளைப் பொதுமக்கள் முன்னால் தானே உடைத்த சம்பவமும் உண்டு. 1974 ஜனவரி 4-ல் காலமானார்.

இன்றைக்கு என்ன?

நாயுடு காலத்தில் பாகம் கிடைக்காதது சிக்கல். இன்று பாகம் இருந்தும் கம்பெனிகள் தராமல் இருப்பது, திறக்கவே முடியாதபடி மூடுவது சிக்கல். இதற்காகத்தான் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ‘பழுது பார்க்கும் உரிமை’ குறித்து ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன் – டேப்லெட், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் வந்தது. சர்வீஸ், உத்தரவாதம், உதிரி பாக விவரங்களை அதில் பார்க்கலாம்.

லாரிக்கு பாடி கட்டுவதில் பேர் வாங்கிய நாமக்கல்லுக்கு இது புதுசு இல்லை. பழைய சேசிஸில் புது பாடி கட்டி ஓட்டுகிற ஊர். அங்கே ரேடியோ செட் வைத்திருப்பவருக்கு ஒரு டயாப்ரம் மாற்றத் தெரிவது அந்த சீசனின் வருமானத்தைக் காப்பாற்றும்.

அடுத்த தடவை ஸ்பீக்கர் கரகரத்தால், ஆர்டர் போடும் முன் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுங்க. காந்தம் நல்லா இருந்தால் அதற்கு இன்னும் பல வருஷம் ஆயுசு இருக்கு.