பீதர் கண்ட பாமினி மன்னர்

வாளால் பெயர் பெற்ற மன்னர் பலர். உளியின் ஓசையோடு சேர்த்து நினைக்கப்படும் மன்னர் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் பாமினி மன்னர் முதலாம் அகமது ஷா. பள்ளிப் பாடத்தில் இரண்டு வரிகளில் முடிந்துபோன இவரை, வேதியியல் மாணவனாகிய நான் ஓர் உலோகக் கலவையைப் பற்றிப் படிக்கப்போய்த்தான் நன்கு அறிந்தேன்.

அண்ணன் பிரோஸ் ஷா, அரியணை தம் மகனுக்கே சேர வேண்டும் என எண்ணினார். உயிருக்கு அஞ்சிக் குல்பர்காவை விட்டு வெளியேறிய அகமதுக்குத் துணை நின்றவர், கலஃப் ஹசன் என்ற வெளிநாட்டு வணிகர். 1422இல் முடிசூடியதும் அந்த வணிகரை உயர்பதவியில் அமர்த்தினார் அகமது. 1425இல் வாரங்கல்லை வென்றார். பின்னர்த் தலைநகரைப் பீதருக்கு மாற்றி, அங்கே பெருங்கோட்டை எழுப்பினார். பஞ்சத்தின்போது இவர் தொழுததால் மழை பொழிந்தது என நம்பிய மக்கள், இறைநேசர் என்னும் பொருளில் இவரை 'வலி' என்றழைத்தனர்.

ஈரானிலிருந்து ஞானியரையும் கலைஞரையும் இவர் வரவழைத்தார். பிதுரி வேலைப்பாடு அவ்வழியே வந்தது என்பது பீதர் மக்களின் மரபுச் செய்தி. துத்தநாகம் மிகுதியாகவும் செம்பு சிறிதாகவும் கலந்து பாத்திரம் வார்ப்பார்கள். மயில்துத்தம் பூசிக் கறுப்பாக்கி, உளியால் கொடியும் பூவும் செதுக்கி, பள்ளத்தில் வெள்ளிக் கம்பியை அடித்துப் பதிப்பார்கள். இறுதியில் பீதர்க் கோட்டையின் பழைய மண்ணையும் நவச்சாரத்தையும் நீரில் குழைத்துப் பூசுவார்கள். கலவை கரியநிறம் கொள்ளும். வெள்ளியோ மாறாமல் ஒளிரும். என்னே விந்தை! 1851இல் லண்டன் பொருட்காட்சி வரை சென்ற கலை இது.

ஆனால், மன்னர் காலத்திலேயே வந்தவர், உள்ளூரார் என்று அரசவை இரண்டுபட்டது. அப்பகைக்கு 1481இல் பேரமைச்சர் மகமூது கவான் பலியானார். பாமினி அரசும் பின்னர் ஐந்தாகச் சிதறியது. அரசவையில் ஒட்டாதவை, பெயர் தெரியாத கைவினைஞர் பட்டறையில் ஒட்டின. வந்த கலையை உள்ளூர் மண் அல்லவா கறுப்பாக்கி ஒளிரச் செய்தது!

1436இல் மறைந்த அகமது ஷா, பீதரை அடுத்த அஷ்டூரில் துயில்கிறார். அவருடைய நினைவு விழாவில் இன்றும் முஸ்லிம்களும் லிங்காயத்துகளும் ஒன்றுகூடுகின்றனர்.

போடியிலிருந்து ஜீப்பேறி ஏலத்தோட்டம் போகும் எங்கள் தாய்மாருக்கும் வரலாற்றில் பெயரில்லை. அவர்கள் அனுப்பிக் கல்லூரி கண்ட முதல் தலைமுறையினர் நாங்கள். தமிழும் மலையாளமும் ஒரே ஏலச்செடி நிழலில் பேசும் இம்மலையடிவார மாணவருக்கு, ஒட்டி வாழ்தலே கலை என்பதை அந்தக் கருங்கலமும் வெள்ளிப்பூவும் உணர்த்தட்டும்.