கதவும் கடமையும்

1926-ம் வருஷம் அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்தில் பிறந்த விமானப்படை வீரர் கஸ் கிரிஸ்ஸம். 1961 ஜூலை 21-ல் அவர் விண்ணைத் தொட்டு மீண்டு அட்லாண்டிக் சமுத்திரத்தில் இறங்கியபோது கலத்தின் கதவு திடீரெனத் தெறித்தது. கலம் மூழ்கிற்று, அவர் நீந்திப் பிழைத்தார். அவரே திறந்தாரென்று அபவாதம் எழுந்தது. அதை மறுத்ததோடு நில்லாமல், ஜெமினி கலத்தின் அமைப்பில் அரும்பாடுபட்டார்.

1965 மார்ச் 23-ல் அக்கலத்திலேயே ஜான் யங்குடன் பூமியை மும்முறை வலம் வந்தார். கடலில் இறங்கியபின், வீரர்கள் மிதவை பூட்டும்வரை கதவைத் திறக்க இசையவில்லை.

1967 ஜனவரி 27-ல் அப்போலோ ஒத்திகையில் தீ மூண்டது. உட்புறம் திறக்கும் கதவு திறவாமற்போக, இரு தோழருடன் மாண்டார். விரைவில் திறக்கும் கதவு அதன் பின்னரே அமைந்தது. ஆளைப் பழிப்பது எளிது. குறையைக் களைவதன்றோ கடமை!