கணித மேதை இராமானுஜன்: தோல்வியின் பின் தொடங்கிய வாழ்வு

மாணாக்கப் பருவம் கழிந்து வாழ்க்கைப் பருவம் தொடங்குகின்ற இடைக்காலம் மனித வாழ்விலே மிகவும் இடர்ப்பாடு நிறைந்த காலமாகும். நான் யார், எத்தொழிலுக்கு உரியவன், என்னைப் பெற்றோருக்கு என்னால் விளையும் பயன் யாது என்னும் வினாக்கள் ஒருங்கே எழுந்து நெஞ்சை வருத்துங் காலம் அது. நம் உடப்பைப் போன்ற கடற்கரையூரிலே பரீட்சை முடிவு வெளியாகும் நாளில், கரைவலை இழுக்கச் செல்வதா, வெளியூரிலே தொழில் தேடுவதா, மீண்டும் பரீட்சைக்குத் தோற்றுவதா என்று கலங்கி நிற்கும் பிள்ளைகள் பலர். வெற்றி பெற்றோரைப் போற்றுதல் விழா மலர்களின் இயல்பு. தோல்வியுற்றோரையும் இவ்வேளையில் நினைத்தல் தகும். ஆதலின், கல்லூரிப் பரீட்சையில் இருமுறை தவறியும் உலகம் போற்ற உயர்ந்த சீனிவாச இராமானுஜன் அவர்களின் வரலாற்றை இங்கே சுருக்கி உரைப்பாம்.

இராமானுஜன் 1887 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் ஈரோட்டிலே, தாயைப் பெற்ற பாட்டியார் இல்லத்திற் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்திலே. தந்தையார் சீனிவாச ஐயங்கார் துணிக்கடையொன்றிற் கணக்கெழுதிச் சிறு ஊதியம் பெற்றவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிலே பக்திப் பாடல் பாடுபவர். நகர உயர்தரப் பாடசாலையிற் பயின்ற காலத்தில் இராமானுஜன் பரிசில்கள் பல பெற்றார். 1903 ஆம் ஆண்டளவில், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்கு எட்டியது. ஆயிரக்கணக்கான தேற்றங்களை விரிந்த நிறுவலின்றி நிரைப்படுத்திய நூல் அது. அத்தேற்றங்களைத் தாமே நிறுவ முற்பட்ட இளைஞர் கணிதக் கடலுள் முழுதும் ஆழ்ந்தார்.

அதனால் விளைந்த துன்பமும் பெரிது. 1904 இற் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் புலமைப்பரிசிலுடன் சேர்ந்தவர், கணிதமன்றி வேறெதிலும் கருத்தூன்றாமையால் ஏனைய பாடங்களில் தவறிப் பரிசிலை இழந்தார். வறிய குடும்பத்துக்கு அஃது எளிய இழப்பன்று. அதுவரை பாடசாலையின் மணியென்று புகழப்பட்ட பிள்ளை, தன்னைப் பற்றித் தான் கொண்டிருந்த மதிப்பையும் அன்றே இழந்தான். 1905 ஆகஸ்டு மாதம், பதினேழு வயதினரான அவர் எவரிடமுஞ் சொல்லாது விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பிள்ளையைக் காணாது பெற்றோர் பத்திரிகை வாயிலாகத் தேடினர். மீண்டு வந்தபின் 1906 இற் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். ஆங்கும் உடற்றொழிலியல் முதலிய பாடங்கள் தடையாயின. எஃப். ஏ. பரீட்சையில் 1906 இலும் 1907 இலும் தவறினார். அத்துடன் கல்லூரிக் கல்வி முடிவுற்றது.

அதன்பின் வந்த ஆண்டுகளே அவர் வாழ்வின் இருள் சூழ்ந்த ஆண்டுகள். பட்டமில்லை, தொழிலில்லை, 1909 இல் ஜானகி என்னும் சிறுமியை மணம் முடித்தமையாற் பொறுப்பு மட்டும் மிகுந்தது. கடதாசி வாங்கப் பணமின்றிக் கற்பலகையிலே கணக்கிட்டு, முடிபை மாத்திரம் குறிப்பேட்டில் எழுதினார். ஊரார் கண்ணுக்கு அவர் வேலையற்ற இளைஞர். அவர் கையிலிருந்த குறிப்பேட்டை விரித்துப் பார்த்தாரில்லை.

விரித்துப் பார்த்தோர் வந்தபோதே வழி திறந்தது. 1910 இல் இந்தியக் கணித சங்கத்தை நிறுவிய வி. இராமசுவாமி ஐயரிடம் சென்று, அவரது அலுவலகத்திற் சிறு உத்தியோகம் வேண்டினார். குறிப்பேட்டைக் கண்ட ஐயர், இத்தகைய அறிவைக் கடைநிலைப் பதவியிற் புதைக்க மனமின்றிச் சென்னைக் கணித அறிஞரிடம் அனுப்பினார். பின்னர் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் இருபத்தைந்து ரூபாய் உதவினார். பிறர் பொருளில் வாழ விரும்பாத இராமானுஜன் 1912 மார்ச்சு முதலாம் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுதுவினைஞரானார். மேலலுவலர் நாராயண ஐயர் தாமும் கணிதம் வல்லவராதலின், மாலை வேளையில் இருவரும் கற்பலகை கொண்டு ஆராய்வர். தலைவர் சேர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றார். சிறு தொழிலேயாயினும் அது வயிற்றுக் கவலையை நீக்கி மனத்துக்கு அமைதி தந்தது.

1913 சனவரி 16 ஆம் நாளிட்டுக் கேம்பிரிட்ஜ்ப் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் முடிபுகளை எழுதியனுப்பினார். முன்னர் வேறு அறிஞர் இருவர் உதவ மறுத்திருந்தனர். ஹார்டியோ அவற்றின் அருமையை உணர்ந்தார். பட்டமில்லாத இவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சிப் பரிசில் வழங்கியது. 1914 மார்ச்சு 17 இற் கப்பலேறினார். 1916 இல் ஆராய்ச்சியினாற் பட்டம் பெற்றார்.

இவ்விடத்தில் வரலாற்றை முடித்து வெற்றி வெற்றியென்று முழங்குதல் எளிது, உண்மை அவ்வாறன்று. கடல் கடத்தல் ஆசாரத்துக்கு மாறென்று கருதப்பட்ட குடியிற் பிறந்தவர், குடுமி களைந்து, புத்துடை புனைந்து, அந்நியக் குளிரிலே தாமே மரக்கறி சமைத்துண்டு வாழ்ந்தார். உலகப் போரினால் உணவும் அரிதாயிற்று. 1917 இல் நோயுற்று மருத்துவ நிலையங்களிற் கிடந்தார். வீட்டுப் பிணக்கினால் மனைவியின் கடிதங்களும் அவர் கைக்கு எட்டாமற் போயின. தனிமையும் நோயும் வாட்ட, 1918 தொடக்கத்தில் இலண்டன் நிலத்தடிப் புகைவண்டி நிலையமொன்றிலே தம் உயிரை மாய்க்க முயன்றார். வண்டி உரிய வேளையில் நிறுத்தப்பட்டமையாற் பிழைத்தார். அக்காலத்து ஆங்கிலேயச் சட்டப்படி அம்முயற்சி குற்றமாகும். ஹார்டி தலையிட்டுக் காத்தார். அச்சட்டம் இங்கிலாந்தில் 1961 இலும் இலங்கையில் 1998 இலும் நீக்கப்பட்டது. மனநோவு தண்டனைக்குரியதன்று, மருந்துக்கும் அன்புக்கும் உரியதென்பதை உலகம் அறிய இத்துணைக் காலஞ் சென்றது.

அவ்வாண்டிலேயே றோயல் சங்கம் அவரை அங்கத்தவராக ஏற்றது. அக்டோபரிற் திரினிற்றிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகிய முதல் இந்தியருமானார். சில மாதங்களின் முன் வாழ்வே வேண்டாமென்றிருந்தவரின் கையிலிருந்து பின்னும் அரிய ஆராய்ச்சிகள் வெளிவந்தன. 1919 இல் தாயகம் மீண்டவர், நோய்ப்படுக்கையிலும் ஜானகியம்மையார் பணிவிடை செய்யப் போலித் தீற்றாச் சார்புகளை ஆராய்ந்தார். 1920 ஏப்பிரல் 26 ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதில், சென்னையில் இறைவனடி சேர்ந்தார். அவர் இறுதிக்கால எழுத்துகள் 1976 இற் கேம்பிரிட்ஜ் நூலகத்திலே கண்டெடுக்கப்பட்டு இன்றும் ஆராயப்படுகின்றன.

மாணாக்கரே! ஒரு பரீட்சைத்தாள் ஒரு நாளின் எழுத்தை அளக்கும். ஓர் ஆயுளின் தகுதியை அளக்க அதற்கு இயலாது. துன்பம் மிகும்போது நம்பத்தக்க ஒருவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். புகழின் உச்சியிலிருந்தோர்க்கும் உள்ளம் சோர்ந்ததுண்டு, சோர்வு இழிவன்று. பெற்றோரும் ஆசிரியரும், தவறிய பிள்ளையை அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பழிக்குமுன், அவன் குறிப்பேட்டை ஒருமுறை விரித்துப் பார்த்தல் வேண்டும்.

பழைய மாணவர்க்கும் ஒரு சொல். 1919 சனவரியிற் சென்னைப் பல்கலைக்கழகம் தமக்கு ஆண்டுக்கு 250 பவுண் வழங்க முன்வந்தபோது, பெற்றோர்க்கும் தம் தேவைக்கும் போக எஞ்சியதை ஏழைப் பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் செலவிடுமாறு இராமானுஜன் எழுதினார். கட்டணத்துக்குப் பணமின்றிக் கல்லூரி இழந்தவரின் விருப்பம் அது. கரைவலை ஒருவர் கையால் இழுபடுவதில்லை. பலர் தோள் சேரவே கரையேறும். கல்லூரியை விட்டுத் தொழிலின்றித் திகைத்து நிற்கும் ஒவ்வோர் இளைஞனுக்கும் நம் பழைய மாணவருள் ஒருவரேனும் இராமசுவாமி ஐயராய், நாராயண ஐயராய் அமைவாராயின், இவ்விழா பயனுடைய விழாவாகும்.